தரையில் படாத கால்: ‘சைக்கிள் சுத்துறது’ பற்றிச் சில கேள்விகள்

எம்.ஏ. தமிழ் படித்தபோது நாட்டுப்புறவியல் எங்களுக்கு ஒரு தாள். தெருக்கூத்து இருந்தது, கரகாட்டம் இருந்தது, தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தன. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கள் சனங்கள் ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்து பார்த்த ‘சைக்கிள் சுத்துறது’ மட்டும் இல்லை. சடங்கோடு ஒட்டவில்லை, பரம்பரை இல்லை, சினிமாப் பாட்டு போட்டு நடக்கிறது, ஆகவே அது ‘கலை’ இல்லை. ஜெயித்தவன், தோற்றவன் என்று யாரும் இல்லாததால் ‘விளையாட்டு’ம் இல்லை. இந்த இரண்டு வரையறைகளுக்கும் வெளியே விழுந்த ஒன்றை வைத்து அந்த வரையறைகளையே விசாரிக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

1990களில் பார்த்தவர்களுக்கு விவரம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்திக் காசு கையில் புழங்கும் நேரமாகப் பார்த்து வெளியூரிலிருந்து ஒருவர் வருவார். மந்தைவெளி நடுவில் ஒரு கம்பம், சுற்றிலும் கயிறு, ட்யூப்லைட், குழாய் ஒலிபெருக்கி. மூன்று நாளோ ஏழு நாளோ இறங்காமல் வட்டமடித்துக்கொண்டே இருப்பார். சாப்பாடு சைக்கிளில், குளியலும் சைக்கிளில். ஓட்டியபடியே குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார், சட்டை மாற்றுவார். ராத்திரியானால் ரெக்கார்டு டான்ஸ், மாரில் ட்யூப்லைட் உடைப்பது, குழியில் ஆளைப் புதைத்து எடுப்பது. டிக்கெட் கிடையாது. விரும்பியவர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். இருக்கிற ஒரே விதி: கால் தரையில் படக் கூடாது.

எங்கும் போய்ச் சேராத சைக்கிளைக் கூட்டம் கூடிப் பார்ப்பது நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் 1930கள் தொடங்கி 1950கள் வரை நாடக அரங்குகளிலும் நடனக்கூடங்களிலும் ரோலர் பந்தயம் நடந்தது. உருளைகள்மேல் நிறுத்திய சைக்கிளைப் போட்டியாளர்கள் மிதிப்பார்கள். சக்கரம் ஓடும், சைக்கிள் நகராது. பெரிய வட்ட முகப்பில் முட்கள் ஓடும், கூட்டம் முள்ளைப் பார்த்துக் கத்தும். 2000களில் சைக்கிள் கூரியர் இளைஞர்கள் ‘கோல்ட்ஸ்பிரிண்ட்’ என்ற பெயரில் மதுக்கூடங்களில் இதை மறுபடி நடத்தினார்கள். அங்கே உடலின் பாடு முழுவதும் எண்ணாகிவிடுகிறது.

நம் மந்தைவெளிக்கு நெருக்கமானது ஆறுநாள் பந்தயம். 1878இல் லண்டனில் தொடங்கி 1890களில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போனது. தூக்கம் கெட்டு, புத்தி தடுமாறி விழுகிறவர்களையும் கூட்டம் காசு கொடுத்துப் பார்த்தது. கடைசியில், ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அதனால்தான் 1899இல் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் முறை பிறந்தது. நம் மந்தைவெளிக்காரருக்கு அப்படிச் சட்டமும் இல்லை, மாற்று ஆளும் இல்லை. எதிராளியும் இல்லை. அவருக்கு எதிராளி தரைதான்.

ஏன் தரை?

எங்கள் காலனியில் முதலில் சைக்கிள் வாங்கியவர் என் சித்தப்பா. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை. ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார். தெரு முடிகிறவரை தள்ளிக்கொண்டு நடந்து, அப்புறம் ஏறுவார். அப்படிப் போகச் சொல்லி யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. தமிழகத்தின் பல கிராமங்களில் தலித்துகள்மேல் சுமத்தப்பட்ட எழுதாத சட்டம் இது. இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மந்தைவெளியில், கால் தரையில் படக் கூடாது. தெருவில், கால் தரையில் பட்டே ஆக வேண்டும். இறங்காத ஒருவரை எங்கள் சனம் கண்கொட்டாமல் பார்த்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டுமா?

1997 வாக்கில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, எங்கள் ஊரில் ஏழு நாள் நடந்தது. வட்டத்துக்கு முன்வரிசை, பின்வரிசை கிடையாது. ஆனாலும் நாங்கள் புளியமரத்துப் பக்கம்தான் உட்கார்ந்தோம். ஊர்க்காரர் பணம் குத்தினால் மைக்கில் இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று வரும். நாங்கள் கொடுத்தால் ‘காலனி மக்கள் சார்பாக’. பெயர் வராது. இருந்தும் ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் தலை தொங்கும்போது “எறங்கிடாத, எறங்கிடாத” என்று கத்தியது புளியமரத்துப் பக்கம்தான். எங்கள் பெண்களின் குரல்தான் அதில் தூக்கலாக இருந்தது.

ஏழாம் நாள் மாலை போட்டு, மேளத்தோடு, சைக்கிளிலேயே ஊர்த்தெரு வழியாக அவரைக் கூட்டிப்போனார்கள். பின்னால் சித்தப்பா தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“ஏஞ் சித்தப்பா, அவரு மட்டும் ஏறிப் போறாரு?”

“அவரு வித்த காட்டுறவருடா.”

அவர் போன பிறகுதான் டீக்கடையில் பேச்சு கிளம்பியது: “அவன் என்ன ஆளுங்க?” ஏழு நாளாக யாருக்கும் தோன்றாத கேள்வி.

நண்பர்கள் பக்தினைத் துணைக்கழைத்து இதைக் ‘களியாட்டம்’, தலைகீழாக்கம் என்பார்கள். என்னால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. தலைகீழாக்கம் கயிற்றுக்குள் நடந்தது. கயிறு கட்டியது யார்? ஊர்வலமும் அனுமதிதான், அனுமதி வித்தைக்கு, சைக்கிளுக்கு அல்ல. அதற்காக எங்கள் பெண்கள் கத்தியதை ஏமாந்த கூட்டத்தின் சத்தம் என்று தள்ளிவிடவும் மாட்டேன். தெருவில் சொல்ல முடியாததை அவர்கள் மந்தைவெளியில் சொன்னார்கள்.

பக்கத்திலேயே ஒரு எதிர் உதாரணம் உண்டு. புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளோடு திரண்டார்கள். அதுவும் கூட்டம் கூடிப் பார்த்த காட்சிதான். ஆனால் கயிறு இல்லை; பார்க்கிற இடத்தில் இருந்தவர்கள் ஏறி ஓட்டினார்கள். எங்கள் ஊரிலும் சில வருசம் கழித்துக் காலனிப் பையன்கள் பத்துப் பேர் சேர்ந்தாற்போல் ஊர்த்தெருவில் ஏறியே போனார்கள். அடிதடி ஆச்சு, கேஸ் ஆச்சு. வழக்கம் உடைந்தது. அவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை.

இன்று எங்கள் பக்கத்தில் சைக்கிள் சுற்றுகிறவர்கள் கண்ணில் படுவதில்லை. ‘அழிந்துபோன கிராமத்து வீரம்’ என்று ஏக்கத்தோடு பேசுகிறார்கள். யாருடைய ஏக்கம் இது? அவர் எத்தனை நாள் இறங்காமல் சுற்றினார் என்று பதிவு செய்யுங்கள், செய்ய வேண்டியதுதான். கூடவே, எந்தத் தெருவில் யார் எத்தனை வருசம் இறங்கி நடந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் இந்த வித்தையை யாரும் புரிந்துகொள்ள முடியாது.