திரையாகிய ஓவியம்

ஸ்பெயின் நாட்டு எஸ்கோரியால் மடாலயத்தில், குருக்கள் திருவுடை அணியும் அறையின் ஒரு கோடியில், கிளாடியோ கோயெல்லோ 1685 முதல் 1690 வரை தீட்டிய மாபெரும் ஓவியம் ஒன்றுண்டு. 1684-இல் அவ்வறையிலேயே நிகழ்ந்த வழிபாட்டை அது காட்டுகிறது. மடத்தலைவர் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை அப்பத்தை ஏந்தி நிற்கிறார். மன்னன் இரண்டாம் கார்லோஸ் மெழுகுதிரியுடன் முழந்தாளிட்டிருக்கிறான். பின்னே பிரபுக்களும் துறவிகளும் திரண்டுள்ளனர். உண்மை அறையின் வளைவுகள் ஓவியத்துள்ளும் தொடர்வதால், நோக்குபவர் தாமும் அக்கூட்டத்தில் நிற்பதாக உணருகிறார்.

அப்பத்தை வணங்குதல் நம் போதனைக்கு ஒவ்வாதது என்று கூறி நாம் விலகிவிடலாம். அது எளிது. ஆயினும் இவ்வப்பத்தின் வரலாற்றில் நம் முன்னோருக்கும் பங்குண்டு. 1572-இல் நெதர்லாந்தின் கோர்க்கும் நகர ஆலயத்தில் சீர்திருத்தக் கொள்கையினரான போர்வீரர் இதைக் காலால் மிதித்தனர் என்றும், காலணி ஆணிகள் பதிந்த மூன்று துளைகளில் இரத்தம் கசிந்தது என்றும் மரபு கூறும். இரத்தம் கசிந்த கதையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், அவ்வூரில் பிடிபட்டோர் உட்பட 19 குருக்களும் துறவிகளும் பிரீல் நகரருகே தூக்கிலிடப்பட்டது கதையன்று. சபை வரலாறு கற்பிக்கையில் நாம் விரைந்து கடந்துசெல்லும் பக்கம் அது.

இனி ஓவியம் சொல்லாதது யாது என்று காண்போம். 1677-இல் அரசியின் நம்பிக்கைக்குரியவரான வலென்சுவேலா இம்மடத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார். பிரபுக்கள் படையுடன் வந்து, அடைக்கல உரிமையை மீறி அவரைப் பிடித்துச் சென்றனர். அதன்பொருட்டுச் சபைநீக்கம் செய்யப்பட்டனர். பின்னர் பாப்பரசர் அத்தண்டனையை நீக்கினார். பரிகாரமாக அரசன் இவ்வப்பத்திற்குப் புதிய பீடம் அமைத்தான். வழிபாட்டின் தோற்றுவாய் அரசவையின் குற்றமே. ஆனால் வெல்வெட்டுக்கும் தீபங்களுக்குமிடையே அக்குற்றத்தின் சுவடேனும் நமக்குப் புலப்படவில்லை. மேலே செந்திரையை விலக்கும் வானவச் சிறார்கூட எல்லாம் இனிதே முடிந்ததாகக் காட்டுகின்றனர். பரிகாரம் பவனியாயிற்று. புனிதத்தை மிதித்தவர் அயலாராகிய போர்வீரர் மட்டுமே என்ற எண்ணமே எஞ்சுகிறது. இதுவே இவ்வோவியத்தின் மீது நாம் கூறும் குறை. அப்பம் பற்றிய கொள்கை வேறுபாடு இதற்குப் பிற்பட்டது.

கோயெல்லோவின் தூரிகை மட்டும் முழுதும் முகமன் கூறவில்லை. அரசனின் நீண்ட தாடையையும் வெளிறிய முகத்தையும் அது மறைக்கவில்லை. வாரிசின்றி 1700-இல் மறைந்த அந்நோயாளியை நாம் அங்கு அடையாளம் காண்கிறோம்; சுற்றிலும் உள்ள பொன் நூல் வேலைப்பாட்டைவிட அம்முகமே நம்மை நெடுநேரம் நிறுத்துகிறது.

இச்சித்திரம் உண்மையில் ஒரு திரை. குறிப்பிட்ட நாட்களில் அதனைக் கீழே இறக்குவர். அப்போது மன்னனும் பிரபுக்களும் தீபங்களும் தரைக்கடியில் மறைய, பின்னாலுள்ள பீடமும் அப்பமும் வெளிப்படும்.