கன்றின் கழிச்சலும் கிருமியின் வம்சாவளியும்

1975ஆம் ஆண்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மாத்தன் முதலான ஆராய்ச்சியாளர், இவ்வட்டாரத்து மக்களின் மலத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கொரோனா வைரஸைப் போல விளிம்பெல்லாம் முட்கள் சூழ்ந்த துகள்கள் அதில் இருப்பதாக ‘லான்செட்’ இதழில் எழுதினர். குடல் நோயால் மெலிந்தவரிடத்தும் நோயற்றவரிடத்தும் அவை காணப்பட்டமையால், நோய்க்குக் காரணம் அவைதாமா, வெறுமனே உடனிருப்பவையா என்ற சந்தேகம் தீரவில்லை. கால்நடைகளின் கொரோனா வைரஸ்களை மரபணு வழியே ஆராயும் இன்றைய முறையை எடைபோடுகிறவர் இந்தப் பழைய சங்கடத்தை மறந்துவிடலாகாது.

வடிவத்தைக் கண்டு அநுமானிப்பதோடு நில்லாமல், ஏறத்தாழ 30,000 எழுத்துகளால் ஆன ஆர்.என்.ஏ.வையே வாசித்து, இது இன்னதன் வம்சம் என்று நிர்ணயிப்பது அம்முறையின் மெய்யான பெருமை. மனிதருக்குச் சளி பிடிக்கச் செய்யும் ஓசி43 என்ற வைரஸும், இளங்கன்றுகளைக் கழிச்சலில் தள்ளும் மாட்டுக் கொரோனா வைரஸும் நெருங்கிய பங்காளிகள் என்பது அவ்வாறு தெளிந்த உண்மையே. கோழிப்பண்ணைக்காரருக்கோ அதன் பிரயோஜனம் இன்னும் கண்கூடானது. 1931இல் அமெரிக்காவின் வட டக்கோட்டாவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட கோழி மூச்சுக்குழல் அழற்சி வைரஸ், முட்புரத மரபணுவை மாற்றிக்கொண்டு பல வகைகளாகப் பிரிந்துவிட்டது. ஒரு வகைக்குப் போட்ட தடுப்பூசி மற்றொரு வகையை முழுமையாகத் தடுப்பதில்லை. எந்த வகை உலவுகிறதென்று அறியாமல் ஊசி போடும் நாமக்கல் பண்ணையாளர் காசைக் காற்றில் விடுகிறார்.

ஆயினும், மரபணு சொல்வதெல்லாம் வேதவாக்கல்ல. மேற்சொன்ன பங்காளிகள் 1890ஐ ஒட்டிப் பிரிந்திருக்கலாம் என்று 2005இல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர் கணக்கிட்டபோது, அக்காலத்தில் பரவிய பெருந்தொற்று ஒன்றுக்கே மாடுதான் மூலமோ என்ற யூகம் அதைத் தொற்றிக்கொண்டு எழுந்தது. மரபணு மாறும் வேகத்தைக் கொண்டு போட்ட கணக்கு ஒன்று, சரித்திரமாகவே வேஷம் போட்டுவிட்ட கதை இது. இவ்வைரஸ்களோ தம்முள் மரபணுத் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் சுபாவம் உடையவை. ஆகவே, செலவுக்கு அஞ்சி ஒரே மரபணுவின் ஒரு துண்டை மட்டும் படித்து வரையும் வம்சவிருட்சத்தில் ஒரு கிளை வேறொரு மரத்தினுடையதாகவும் இருந்துவிடக்கூடும்.

இவற்றினும் பெரிய குறை மாதிரி எடுப்பதில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் பொய்கைச் சந்தையில், துண்டுக்கடியில் கைவிரல் பிடித்துத் தரகர் விலை பேசிக்கொண்டிருக்கையில், பல ஊர் மாடுகளும் கன்றுகளும் ஒரே புழுதியில் சாணமிட்டு, மாலைக்குள் வேன் ஏறி வேறு வேறு தொழுவங்களுக்குப் போய்விடுகின்றன. வைரஸ் ஊர்விட்டு ஊர் போவது இவ்வழியே. ஆராய்ச்சிக்கூடத்திற்கு வருவதோ, பெரும்பாலும், வால் ஈரமாகிக் கண் குழிந்து மருத்துவமனைவரை கொண்டுவரப்பட்ட கன்றின் சாணம்; அதுவும் ஐஸ்பெட்டி இன்றி வேலூர் வெயிலில் வந்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். நோயற்ற கன்றையும் உடன் சோதியாதவர்க்கு, வைரஸ் அங்கே இருந்தது என்பதற்குமேல் ஒன்றும் சொல்ல உரிமையில்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் மண்டிகளைக் கண்டு அஞ்சுவோர்க்கு ஒரு வார்த்தை: கொழுப்புறை போர்த்த இவ்வைரஸ் சுண்ணாம்புத் தொட்டியின் காரத்தில் நில்லாது. பச்சைத்தோலோடு வரத்தக்க பழைய பகை அடைப்பான் நோயின் வித்துக்களே. கொரோனாவைத் தேடுகிறவர் உயிருள்ள மந்தையிடம்தான் போக வேண்டும்.

ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது; வேலூரில் வைரஸ் ஆராய்ச்சியில் பழுத்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது; இடையில் இருப்பது ஒரு மணி நேரப் பயணந்தான். இவ்விரு ஸ்தாபனங்களும் கூடிப் பொய்கையில் நோயுற்ற கன்றோடு நோயற்ற கன்றின் சாணத்தையும் எடுத்து, முழு மரபணுவையும் படித்து, முடிவை ஆய்விதழுக்கு அனுப்பும் அன்றே மாட்டுக்காரருக்கும் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்.