கடைசிப் பாக்கெட் சீப்புச் சீடை யாருக்கு?

“பேரைத் தமிழ்லயே போட்டுவிடு தம்பி. வாங்கப் போறவுக எல்லாம் நம்ம ஆளுகதானே” என்றார் மதினி. பொன்னமராவதியில் வீட்டோடு பலகாரம் போட்டு விற்கிறவர். கொன்னையூர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் ஊர் திரும்பும்போது பையில் இவருடைய கைமுறுக்கும் சீப்புச் சீடையும் இருக்கும். அவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், இவர் நோட்டில் எழுதுவார், பாதி விலாசம் வாட்ஸ்அப்புக்குள்ளேயே புதைந்துபோகும். கடைசியில் இணையக் கடை கட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

இந்த மாதிரி வேலையில் எல்லோரும் முதலில் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். நிறம், படம், பொத்தான். நான் பேரேட்டிலிருந்து தொடங்கினேன். நகரத்தார் வாழ்ந்த பூமி இது. ஐந்தொகை இடிக்காமல் வரவேண்டும் என்பது இங்கே ரத்தத்தில் ஊறியது. கடைப் பலகையை நாளைக்கே மாற்றலாம். தரவுதளத்தை மாற்றுவது வீட்டைத் தூக்கி வேறு தெருவில் வைப்பதற்குச் சமம்.

மடிக்கணினியில் நான்கு தரவுதளங்களை நிறுவி, ஒரே சரக்குப் பட்டியலை நான்கிலும் ஏற்றினேன். முதல் சோதனை கொஞ்சம் விஷமமானது. கையிருப்பு எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் 10 என்பதற்குப் பதில் ‘பத்து’ என்று எழுத்தில் கொடுத்தேன். போஸ்ட்கிரஸும் மரியாடிபியும் உடனே பிழை என்று திருப்பி அனுப்பின. எஸ்க்யூலைட் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொண்டது. அது குறையல்ல, அதன் இயல்பு. கட்டத்தின் வகையைக் கறாராகப் பார்க்கச் சொன்னால் மட்டுமே பார்க்கும், அந்த வசதியும் 2021இல்தான் வந்தது. கைபேசிச் செயலிகளுக்குள் இருக்க அருமையான ஆள். கல்லாவில் உட்கார வைக்க மாட்டேன்.

மாங்கோடிபியைச் சென்னை நண்பர் ஒருவர் விடாமல் சிபாரிசு செய்தார். ஒரு ஆர்டரை அப்படியே ஒரு தாளாக மடித்து வைப்பது அதில் சுகம்தான். ஆனால் ஆர்டர் எழுதுவதும் கையிருப்பைக் குறைப்பதும் தனித்தனித் தாள்களில் நடக்கிற வேலைகள். ஒன்று நடந்து மற்றொன்று நடக்காமல் போகக்கூடாது. அந்த உத்தரவாதத்தை மாங்கோடிபி 2018இல் 4.0 பதிப்பில் கொண்டுவந்தது. அதற்கும் சர்வரை நகல் தொகுதியாக அமைத்தாக வேண்டும். முறுக்குக் கடைக்கு அவ்வளவு பந்தல் எதற்கு?

போஸ்ட்கிரஸ் எனக்குப் பிடித்தது. கையிருப்பு சுழியத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு விதி எழுதினால் கடைசிவரை காக்கும். (மரியாடிபிக்கு மூத்ததான மைசீக்வலின் 8.0.16க்கு முந்திய பதிப்புகள் இதே விதியை வாங்கிக்கொண்டு, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.) 2019இல் வந்த போஸ்ட்கிரஸ் 12 முதல் தமிழ்ச் சொற்களின் விகுதியைக் களைந்து தேடும் வசதியும் அதில் உண்டு. ‘முறுக்குகள்’ என்று தேடுகிறவரையும் அது முறுக்கிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கும். ஆனால் ‘கைமுறுக்கு’ என்று சேர்த்து எழுதிய சரக்கை ‘முறுக்கு’ என்று தேடினால் வராது. அது முழுச் சொல்லாகத்தான் பார்க்கிறது.

ஆனால் கடை கட்டப் பார்த்துவைத்த வூகாமர்ஸ் மென்பொருள் ஓடுவது வேர்ட்பிரஸின் மேல். வேர்ட்பிரஸுக்கு மைசீக்வல் அல்லது மரியாடிபி வேண்டும். அங்கே தேடல் மொண்ணையானது, எழுத்துக் கோவை எங்கே இருந்தாலும் பிடிக்கும். அதனால் ‘முறுக்கு’ என்றாலே கைமுறுக்கு வந்து நின்றது. ‘சீப்பு சீடை’ என்று ஒற்றில்லாமல் அடித்தாலும் கிடைத்தது. ‘சீப்புச்சீடை’ என்று சேர்த்து அடித்தபோதுதான் கையை விரித்தது. சரக்குக் குறிப்பின் அடியில் எல்லா எழுத்துமுறைகளையும் ஆங்கில எழுத்திலான பெயரையும் போட்டுவைத்தேன். சந்தி இலக்கணம் தெரியாமல் இந்த வேலைக்கு வரக்கூடாது போல.

முகவரி வரியில் இன்னொரு கூத்து. வேர்ட்பிரஸ் தமிழ்ப் பெயரை இணைய முகவரியாக்கும்போது, ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகள் கலந்த 9 எழுத்துகளாகிவிடும். ‘கை’ என்பது கணினிக்கு இரண்டு குறி, ஆக 18. மொத்தம் 200தான் எல்லை. ‘செட்டிநாடு கைமுறுக்கு’ 181இல் தப்பித்தது. ‘அரைக் கிலோ’ என்று பின்னால் சேர்த்ததும் வால் அறுந்துபோனது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பாம்பு மாதிரி நீளமான ஒரு வரி. மதினியிடம் சொல்லிவிட்டேன்: பெயர் தமிழில், முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில்.

முதலில் எடுத்த மலிவான ஹோஸ்டிங்கில் (பெயர் வேண்டாம்) பழைய எழுத்துமுறையில் அட்டவணைகள் இருந்தன. தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு 3 பைட், அது உள்ளே போய்விடும். வாடிக்கையாளர் விலாசத்துக்குக் கீழே ஒரு கைகூப்பும் படக்குறி போட்டால் அது 4 பைட், ஆர்டரே நின்றுவிட்டது. நம் ஆட்கள் கைகூப்பாமல் ஆர்டர் போடுவதில்லை. யூடிஎஃப்8எம்பி4 என்ற அமைப்புக்கு மாற்றியபின் சரியாயிற்று.

வாடகைக்கு இணையக் கடை தரும் ஷாப்பிஃபையை விட்டுவிட்டேன் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். ஒரு மாலையில் கடை திறந்துவிடலாம், அவ்வளவு நேர்த்தி. ஆனால் அதன் சொந்தக் கட்டணச் சேவை இந்தியாவில் இல்லாததால், அடிப்படைத் திட்டத்தில் இணைய வழியாகப் பணம் வரும் விற்பனைக்கு 2 சதவீதம் அதற்கு, பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்குத் தனி, மாத வாடகை வேறு. தரவுதளத்தின் சாவியும் நம் கையில் இல்லை. எலி வளையானாலும் தனி வளை என்பது மதினியின் கட்சி. எனக்கும் மறுப்பில்லை.

ஆக, வூகாமர்ஸும் மரியாடிபியும். 2009இல் மைசீக்வலிலிருந்து பிரிந்த கிளை மரியாடிபி. உருவாக்கிய மான்டி விடேனியஸ் மூத்ததற்கு ஒரு மகள் பெயரையும் இளையதற்கு இன்னொரு மகள் பெயரையும் வைத்தார். வூகாமர்ஸில் 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பு முதல் புதிய கடைகளின் ஆர்டர்கள் தனி அட்டவணைக்குப் போகின்றன. அதற்கு முன் வலைப்பதிவுக் கட்டுரைகள் கிடக்கும் அதே மூட்டையில்தான் ஆர்டர்களும் கிடந்தன. பழைய பதிப்பை யாராவது நிறுவித் தந்தால் வாங்காதீர்கள்.

கடைசிப் பாக்கெட் சோதனையை மதினி வீட்டுத் திண்ணையில் செய்தோம். கையிருப்பு 1. என் கைபேசியிலும் அவர் கைபேசியிலும் ஒரே நேரத்தில் வாங்கும் பொத்தான். எனக்குக் கிடைத்தது, அவருக்குச் சரக்கு இல்லை என்று வந்தது. நல்லது. பணம் கட்டாமல் மூடினேன். 60 நிமிடம் சரக்கைப் பிடித்துவைத்து, பணம் வராவிட்டால் ஆர்டரை ரத்துசெய்ய வேண்டும் என்பது கணக்கு. ரத்தாகவில்லை. காரணம், வேர்ட்பிரஸின் கடிகாரம் யாராவது கடைக்குள் வந்தால்தான் நகரும். எங்கள் கடையில் மதியம் ஈயாடுகிறது. சர்வரின் சொந்தக் கடிகாரத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டச் சொல்லி வைத்தேன்.

அரைக் கிலோ, ஒரு கிலோ விவகாரம் இன்னும் உறுத்துகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே கையிருப்பு வைத்தால் எதை விற்றாலும் ஒன்றுதான் குறையும். எடை அதற்குத் தெரியாது. பாக்கெட் வாரியாகத் தனித்தனி எண்ணிக்கை வைத்திருக்கிறோம். மாவு பிசையும்போதே எத்தனை பாக்கெட் என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதில் மதினிக்கு எரிச்சல்.

சனிக்கிழமை மாலை நோட்டையும் தரவுதளத்தையும் ஒத்துப் பார்க்கிறோம். போன வாரம் தரவுதளத்தில் சீடை 14, அலமாரியில் 13. அரைமணி நேரம் பதிவுகளைத் துழாவினேன். மதினி நோட்டைத் திருப்பிக் காட்டினார்: ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 1.’