வண்டி எப்படி வெளியே போகும்? நிலைய வரைபட மரபுகள் சில

மாதிரி ரயில் மன்றத்தின் மலர்க் குழுவினர் கேட்டது, மாதிரி ரயில்வேயில் நிலைய வரைபட மரபுகள் பற்றிச் சில பக்கங்கள். மன்றத்துப் பெரியவர்கள் இருக்கும்போது இதை இன்னொருவர் எழுதுவது முறையில்லைதான். ஆனால் அவர்கள் எழுத உட்கார மாட்டார்கள், பென்சிலை எடுத்து வரைந்துதான் காட்டுவார்கள் என்பது உறுப்பினர்கள் அறிந்ததே.

ஆங்கிலேயர் வழி, அமெரிக்கர் வழி, ஜப்பானியர் வழி என்று மூன்றாகப் பிரிப்பது மன்றத்து வழக்கம். ஆங்கிலேயர் சிரில் ஃப்ரீசர் 1957இல் ‘ரயில்வே மாடலர்’ இதழில் தந்த ‘மினரீஸ்’ திட்டம், மூன்று நடைமேடை கொண்ட நகர முனையம் ஒன்றைச் சின்னப் பலகையில் அடக்கியது. கோவையில் அலமாரித் தட்டில் ரயில் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அதன் பேரப்பிள்ளைகள். அமெரிக்கர் ஜான் ஆம்ஸ்ட்ராங்கின் 1963ஆம் ஆண்டுப் பாதைத் திட்டப் புத்தகத்தில் படித்தவர்களோ, பாதை போடுவதற்கு முன் எந்தச் சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்பார்கள். இவ்விரு வழிகளையும் பற்றி முந்தைய மலர்களில் நிறையவே வந்துவிட்டது.

ஜப்பானியர் வழிக்குத்தான் நியாயம் செய்யவில்லை. காட்டோ நிறுவனம் 1965இல் சி50 மாதிரி எஞ்சினை 9 மி.மீ. பாதையில் ஓடவிட்டது. அந்நாட்டு ரயில் பாதையின் உண்மை அகலம் 1,067 மி.மீ. 1:150 அளவுக்கு அது 7.1 மி.மீ.தான் வரவேண்டும். தெரிந்தே 9க்கு ஒப்புக்கொண்டார்கள். இதைச் சொல்லிச் சிரிக்க இங்கே யாருக்கும் யோக்கியதை கிடையாது. 1,676 மி.மீ. அகலப்பாதையை 1:87இல் செய்தால் 19.3 மி.மீ. வரவேண்டும், கடையில் கிடைக்கிற 16.5இல்தான் இங்கே எல்லாரும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இடம் ஜப்பானியருக்கும் இல்லை. தத்தாமிப் பாய்மேல் பாதையைப் பூட்டி, ஓட்டி முடித்ததும் பெட்டிக்குள் எடுத்து வைக்கிற பழக்கத்துக்காகவே ஜல்லிப் படுகையோடு ஒட்டிய துண்டுப் பாதைகள் வந்தன. காட்டோவின் யூனிட்ராக்கில் இரு பாதைகளுக்கிடையே 33 மி.மீ., டோமிக்ஸில் 37. நிஜ நிலையத்தில் நான்கு மீட்டர் இடைவெளி என்றால் அளவுப்படி 27 மி.மீ.கூட வராது. துண்டுகளை அப்படியே பூட்டினால் நிலையம் வீங்கிப்போகும். ஆனால் கைதேர்ந்த ஜப்பானியர் துண்டிலிருந்து தொடங்குவதில்லை. அங்கே தேசிய ரயில்வே காலத்து நிலையம் என்றால் ஒரு பழகிய உரு உண்டு: கட்டடத்தையொட்டி ஒரு நடைமேடை, எதிரே இருபுறமும் பாதையுள்ள ஓர் ஐலண்ட் நடைமேடை, மொத்தம் மூன்று பாதை. நடுப்பாதையில் எந்தத் திசை வண்டியையும் ஒதுக்கி நிறுத்தலாம். அந்த வசதியை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் எடுத்தால் கிடைப்பது மூன்று கோடுகள்தான்.

கொங்கு நாட்டாருக்கு நெருக்கமான ஜப்பானிய நிலையம் யோகோகாவா. உசூயி கணவாயின் அடிவாரம் அது. அங்கிருந்து காருயிசாவா வரை 11.2 கி.மீ. பாதை 1893இல், எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறுவதற்கான ஆப்ட் பல்சட்டத்தோடு திறக்கப்பட்டது. ஏற்றம் 15க்கு 1. ஆறு ஆண்டு கழித்து, 1899இல், அதே ஆப்ட் முறையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வண்டி ஏறியது. இங்கே ஏற்றம் 12க்கு 1 வரை போகிறது. உசூயியில் 1963இல் பல்சட்டத்தைக் கழற்றிவிட்டு, இஎஃப்63 மின் எஞ்சின்களை இரண்டிரண்டாகக் கோத்துத் தள்ளவிட்டார்கள். 1997இல் நாகானோ ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்ததும் அந்த மலைப்பாதையையே மூடினார்கள். இரண்டு மலையிலும் எஞ்சினுக்கு இடம் இறக்கப் பக்கந்தான். ஏறும்போது பின்னிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னே நின்று தாங்கும்.

யோகோகாவாவை வரைகிறவர் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். வண்டி வந்து நிற்கும். பின்பக்கம் எஞ்சின்கள் சேரும். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் 1958 முதல் மண்சட்டியில் வைத்த ‘தோகே நோ காமாமேஷி’ சோறு நடைமேடையில் விற்றுத் தீர்ந்தது. ஆகவே எஞ்சின்கள் காத்திருக்க ஒதுக்குப் பாதை வேண்டும், சேர்ந்த பின்னும் முழு நீளம் நிற்க நடைமேடை வேண்டும். குன்னூரில் கதை வேறு. அடிவாரத்திலிருந்து வந்த வண்டி நிலையத்துக்குள் நுழைந்து, கொஞ்சதூரம் பின்னோக்கி வந்துதான் ஊட்டி ஏற்றத்தைப் பிடிக்க முடியும். இந்த ஒரு அசைவை விட்டுவிட்டால் மீதியெல்லாம் வெறும் பச்சை மலையும் நீலப் பெட்டியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் போத்தனூர்ப் பெரியவர். அங்கே சிக்னல் பணிமனையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். கட்டுரையாளர் உட்பட மன்றத்தில் பலரும் அவரிடம் பென்சில் பிடித்தவர்கள். பொள்ளாச்சிப் பாதை மீட்டர் கேஜாக இருந்த நாளில், இரண்டு அகலமும் ஒரே யார்டில் வந்து சேர்ந்த போத்தனூரை மனப்பாடமாக வரைவார். யாராவது புதிதாக வரைபடம் கொண்டுபோனால், காட்சி, கட்டடம், மரம் எதையும் பார்க்க மாட்டார். லூப் லைனில் விரலை வைத்து, “ஏனுங்க, இந்த வண்டி எப்படிங்க வெளிய போகும்?” என்பார். பதில் வராவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்து, காப்பி குடிக்கச் சொல்வார்.

அவர் பாடத்தின் முதல் வேலை வண்டிகளைப் பட்டியலிடுவது, இரண்டாவது பாயிண்டுகளுக்கு எண் போடுவது. அளவெடுப்பதெல்லாம் பிறகு. சுருக்குவதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. 24 எல்ஹெச்பி பெட்டி கொண்ட வண்டி 1:87இல் ஆறரை மீட்டர் வரும், எந்த வீட்டிலும் கொள்ளாது. பெட்டியைக் குறை, நடைமேடையைக் குறை, பாயிண்டின் எண்ணிக்கையை மட்டும் குறைக்காதே என்பார். நிஜத்தில் பயணி வண்டிப் பாதையில் 12க்கு 1 பாயிண்ட்; கோணம் ஐந்து பாகைக்குள். கடைப் பாயிண்டில் அது 12 பாகை, 15 பாகை. அது தவிர்க்க முடியாதது. ஆனால் எந்தப் பாயிண்ட் எதற்கு என்பதை மாற்ற யாருக்கும் உரிமையில்லை.

இப்போது நிலைமை எப்படி? யாரையும் குறிப்பிட்டுச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இளைஞர்களின் கைநேர்த்தி, குறிப்பாக விளக்கும் வண்ணமும், பெரியவர்களுக்கே வராதது. இருந்தாலும் லூப் லைன் முடிவில் சாண்டு ஹம்ப் எங்கே? நிற்கவேண்டிய வண்டி சிக்னலைத் தாண்டி வந்தால் மெயின் லைனில் நுழையாமல் மணலில் புதைவதற்காக உள்ளது அது. ஜப்பானிய நிலையங்களிலும் அதே வேலைக்குப் பாதுகாப்புப் பக்கப்பாதை உண்டு. அண்மைக்காலக் காட்சிகளில் டீக்கடை இருக்கிறது, பால்கோவா விளம்பரம் இருக்கிறது, பெஞ்சில் படுத்த நாய்க்கு வால்கூட இருக்கிறது. ஒரு கைப்பிடி மணல் இல்லை. காணொளியில் பார்த்த வட்டத்தில் வந்தே பாரத் சுற்றிச் சுற்றி வருகிறது. அதற்குக் குன்னூர் என்று பெயர்ப்பலகை! ஆப்ட் பல்சட்டத்தைக் கறுப்பு மையால் கோடு போட்டுக் காட்டியதையும் பொறுத்துக்கொள்ளலாம். 12 மி.மீ. பாதைக்குப் பல்சட்டத்தை ஸ்விட்சர்லாந்து ரயில்களுக்காகப் பெமோ நிறுவனம் செய்கிறது, விலையும் அதிகந்தான். மணலுக்கு என்ன விலை? நொய்யல் ஓரத்தில் பிறந்தவர்கள் மணலுக்குப் பஞ்சம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மரபு தேய்வது பெரிய விஷயங்களில் இல்லை, இந்த மூன்று அங்குல மேட்டில்தான் என்று பெரியவர்கள் வருந்துவதில் நியாயம் உண்டு. அதைக் கேட்டுச் சிலர் சிரிப்பதையும் இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த காட்சிக்கு வரைபடம் தருகிறவர்கள் வண்டிப் பட்டியலையும் பாயிண்டு எண்களையும் சேர்த்தே தரவேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்லியிருக்கிறார்கள். யோகோகாவாவை எடுப்பவர் தள்ளும் எஞ்சின் எங்கே காத்திருக்கும் என்பதையும், குன்னூரை எடுப்பவர் வண்டி எதுவரை பின்வாங்கும் என்பதையும் தாளிலேயே குறிக்க வேண்டும். சாண்டு ஹம்ப் இல்லாத லூப்பைப் போத்தனூர்ப் பெரியவரிடம் கொண்டுபோகிறவர்கள் காப்பிக்குத் தயாராகப் போகலாம்.