மைனஸ் ஒன்று எங்கிருந்து வருகிறது?

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் மாணவர்கள் மனப்பாடமாக்கிக்கொள்ளும் இரண்டு வரிகள் உண்டு. சாய்வுகள் சமமானால் கோடுகள் இணை. சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 ஆனால் கோடுகள் செங்குத்து. அடுத்தடுத்து நிற்பதால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன. அப்படி இல்லை என்பதே என் வாதம். இரண்டாம் வரியை நிறுவும் வழிகளையும், அந்த வரியையுமே எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழக்கமான நிரூபணம் முக்கோணவியல் வழியே போகும். கோடு கிடை அச்சோடு ஆக்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் சாய்வு. செங்குத்துக் கோட்டின் கோணம் 90° கூடுதல். 90° கூடும்போது டேன் தலைகீழாகிக் குறியும் மாறும், பெருக்கினால் −1. மூன்றே வரி, பிழை எதுவும் இல்லை. ஆனால் அது கேள்விக்கு விடை தராமல் கேள்வியை வேறிடத்துக்கு நகர்த்திவிடுகிறது. 90° கூடினால் டேன் ஏன் அப்படி மாறுகிறது? செங்கோண முக்கோணத்துக்குள் குறுங்கோண விகிதங்களை மட்டுமே படித்த மாணவருக்கு விரிகோணத்தின் டேன் என்பதே புதுப்பொருள். தெரியாததைக் கொண்டு தெரியாததை விளக்குவது நிரூபணமாகலாம், கற்பித்தலாகாது.

பிதாகரஸ் வழி இதைவிட நேர்மையானது. ஆதிப்புள்ளி வழியே 2, −1/2 என்ற சாய்வுகளில் இரு கோடுகள் வரையுங்கள். ஆதியிலிருந்து வலப்புறம் 1 அலகு தள்ளி ஒரு நிலைக்கோடு. அதை முதல் கோடு 2 உயரத்திலும், இரண்டாவது கோடு அச்சுக்குக் கீழே 1/2 தொலைவிலும் வெட்டும். உருவாகும் முக்கோணத்தின் இரு பக்க வர்க்கங்கள் 5, 5/4, கூட்டினால் 25/4. மூன்றாம் பக்கம் 5/2, அதன் வர்க்கமும் 25/4. பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலையை யூக்ளிட் முதல் நூலிலேயே நிறுவியிருப்பதால் வாதம் இரு திசையிலும் செல்லும்.

இந்தப் படத்தின் உண்மையான செல்வம் வேறிடத்தில் இருக்கிறது. செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்கு வரையும் குத்துயரத்தின் வர்க்கம், அது கர்ணத்தைப் பிரிக்கும் இரு துண்டுகளின் பெருக்கற்பலனுக்குச் சமம். வடிவொத்த முக்கோணங்கள் தரும் பழைய உண்மை இது. இங்கே குத்துயரம் 1, துண்டுகள் 2, 1/2. −1இல் உள்ள 1 அந்தக் குத்துயரத்தின் வர்க்கமே. ஒரு வெட்டுப்புள்ளி அச்சுக்கு மேலே, மற்றது கீழே என்பதால் வருவது மைனஸ். சூத்திரத்தின் இரு பாகங்களும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கண்ணால் காட்டும் இந்தப் படத்தைப் பல வகுப்பறைகள் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆயினும் முதலிடம் சுழற்சிக்கே. வலப்புறம் 3, மேலே 2 என்று நகரும் கோட்டை இடஞ்சுழியாக 90° திருப்புங்கள். வலப்புறம் போன 3 மேல்நோக்கிய 3 ஆகும். மேலே போன 2 இடப்புறம் 2 ஆகும். (3, 2) என்பது (−2, 3) ஆயிற்று. சாய்வு 2/3 என்பது −3/2 ஆயிற்று. இன்னொரு முறை திருப்பினால் (−3, −2): திசை எதிர், கோடு அதே கோடு. சூத்திரம் எதுவும் தெரியாத பிள்ளைகூடக் கட்டத்தாளைச் சுழற்றி இதைச் சரிபார்க்க முடியும். அச்சுக்கோடுகளையும் இந்த வழி ஒதுக்குவதில்லை. (1, 0) திரும்பினால் (0, 1).

அந்த இடத்தில்தான் பெருக்கற்பலன் வரி தடுமாறுகிறது. கிடைக்கோட்டின் சாய்வு 0, நிலைக்கோட்டுக்குச் சாய்வு வரையறுக்க இயலாது. உலகத்தில் நாம் மிக அதிகமாகக் காணும் செங்கோணம், சுவரும் தரையும் சேரும் செங்கோணம், இந்த விதிக்கு வெளியே நிற்கிறது.

இன்னும் கனமான குறை ஒன்று உண்டு. வரைபடத்தாளில் கிடை அச்சில் 1 செ.மீ.க்கு 1 அலகும், நிலை அச்சில் 1 செ.மீ.க்கு 10 அலகும் எடுத்து, மேலே சொன்ன 2, −1/2 சாய்வுக் கோடுகளை வரையுங்கள். தாளில் அவற்றுக்கிடையே சுமார் 14° கோணமே இருக்கும். இணைகோடுகளோ எந்த அளவுத்திட்டத்திலும் இணையாகவே நிற்கும். செங்குத்துத்தன்மைக்கு இரு அச்சுகளிலும் ஒரே அலகு வேண்டும். கிடை அச்சில் கிலோவும் நிலை அச்சில் ரூபாயும் உள்ள படத்தில் செங்கோணத்துக்குப் பொருளே கிடையாது. இரு வரிகளையும் ஒரே தோற்றத்தில் அச்சிடும்போது மாணவரிடமிருந்து மறைவது இந்த வேறுபாடுதான்.

விதியின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. முக்கோணத்தின் குத்துக்கோடு, மையக்குத்துக்கோடு, பின்னாளில் வளைவரையின் செங்கோடு எல்லாவற்றையும் அது ஒரே அடியில் தருகிறது. அது நல்ல கருவி; ஆனால் அடிப்படைத் தேற்றத்தின் இருக்கை அதற்குரியதல்ல. அங்கே வைக்க வேண்டியது இது: இரு கோடுகளின் கிடை நகர்வுகளின் பெருக்கற்பலனையும் நிலை நகர்வுகளின் பெருக்கற்பலனையும் கூட்டினால் 0. (3, 2), (−2, 3) எடுத்தால் −6 + 6. அச்சுகளுக்கு 0 + 0. கிடை நகர்வுகள் பூச்சியம் அல்லாதபோது அவற்றால் வகுத்தால் −1 தானே வந்துவிடும்.

ஆகவே பாடம் சுழற்சியில் தொடங்கட்டும், குத்துயரப் படம் அடுத்து வரட்டும், டேன் வழி மேல்வகுப்புக்குப் போகட்டும். −1 என்ற வரியை அச்சிடும்போது, எந்தக் கோடும் நிலைக்கோடு அல்ல, இரு அச்சுகளிலும் அலகு ஒன்றே என்ற நிபந்தனைகளை அடிக்குறிப்பில் ஒதுக்காமல் அதே வரியில் சேர்த்து அச்சிட வேண்டும்.