ஐநூறு ரூபாய்க்குப் போடு, இருபது லீற்றர் அடி

ஹைதராபாத்தின் மௌலா அலி டீசல் லோகோ ஷெட்டில் வேலை பார்த்த ஒருவரிடம் ரயில் எஞ்சின் என்ன மைலேஜ் தரும் என்று கேட்டுப் பாருங்கள். நேராகப் பதில் சொல்லமாட்டார். எத்தனை டன் இழுத்தது என்று திருப்பிக் கேட்பார். ரயில்வேயில் டீசல் செலவை, ஆயிரம் மொத்த டன்–கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றுதான் பார்க்கிறார்கள். காலி வேகன்களை இழுத்த நாளையும் நிலக்கரி இழுத்த நாளையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பது அங்கே பாலபாடம். அதே மௌலா அலியின் ஹவுசிங் போர்டு காலனிக்குள் வந்து, வாசலில் நிற்கும் காம்பாக்ட் எஸ்.யு.வி.யைக் காட்டி "மைலேஜ் எந்த இஸ்துந்தி?" (மைலேஜ் எவ்வளவு தரும்?) என்று தெலுங்கில் கேட்டால் உடனே ஒரு எண் வரும்: பதினெட்டு. இல்லாவிட்டால் இருபது. எத்தனை பேர் ஏறினார்கள், ஏசி ஓடியதா, மெட்டுகூடாவில் எத்தனை நேரம் நின்றது என்ற பேச்சே கிடையாது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்தியாவில் விற்கும் கார்களை புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையங்களில் உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ இருபது நிமிடம், பத்தரை கிலோமீட்டர், உச்ச வேகம் மணிக்கு 90. ஏசி அணைந்திருக்கும். எதிர்காற்று இல்லை, பள்ளம் இல்லை, முன்னால் திடீரென்று திரும்பும் ஆட்டோவும் இல்லை. நகர ஓட்டமும் நெடுஞ்சாலை ஓட்டமும் கலந்து கடைசியில் ஒரே எண்ணாக வெளியே வருகிறது. 2022இல் வந்த மாருதி பிரெஸ்ஸாவின் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது லிட்டருக்கு 19.80 கிலோமீட்டர். அதே ஆண்டு வந்த டொயோட்டா ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகைக்கு 27.97. இந்த எண்களில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட இவை போதும். நம் தெருவில் நம் கால் மிதிக்கும்போது என்ன ஆகும் என்பதைத்தான் இவை சொல்வதில்லை.

மௌலா அலியிலிருந்து ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவரின் காலைப் பொழுதைப் பாருங்கள். மெட்டுகூடா, செகந்திராபாத், பேகம்பேட் என்று நகரத்தை நெடுக்காகக் கடக்க வேண்டும். பாதி நேரம் முதல் இரண்டு கியர்தான். நிற்கும்போதும் ஏசி கம்ப்ரஸர் எஞ்சினிடமிருந்து சக்தியைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். ஏப்ரல், மே வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு ஓட்டு என்று சொல்வது யாருக்கும் நியாயமான யோசனை அல்ல. அதைவிட மோசம், ஏ.எஸ்.ராவ் நகருக்குக் காய்கறி வாங்கப் போய் வருவது. எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகப் பெட்ரோல் குடித்துத்தான் ஓடும். எங்கள் குடும்பத்துப் பிரெஸ்ஸா இப்படிப்பட்ட வாரங்களில் பதினொன்று, பன்னிரண்டைத் தாண்டியதில்லை. அதே வண்டி கட்கேசரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, எண்பது தொண்ணூறில் நிதானமாகப் போனால் பதினெட்டைத் தொடும். 158 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் 2023இல் வேக வரம்பை 120 ஆக்கினார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும்: நூறிலிருந்து நூற்றிருபதுக்குப் போனால் நாற்பத்து நான்கு சதவீதம் கூடுதல். நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் எஸ்.யு.வி. உருவத்துக்கு இந்தத் தண்டனை தாழ்ந்த காரைவிடக் கடுமை.

இதே அளவு வண்டி இலங்கையில் ஓடும்போது கேள்வி வேறு விதமாக வருகிறது. வெள்ளவத்தையில் இருக்கும் என் நண்பரிடம் அவருடைய டொயோட்டா ரைஸ் பற்றிக் கேட்டபோது அவர் ஒரு எண் சொல்லவில்லை. "கொழும்புக்குள்ளயோ, அவுட்ஸ்டேஷனோ?" என்றார். அங்கே பழைய வண்டி விற்கிறவரும் இரண்டாகத்தான் சொல்கிறார்: டவுனுக்குள் இத்தனை, வெளியூருக்கு இத்தனை. நம் ஊரிலும் விவரம் தெரிந்தவர்கள் சிட்டி, ஹைவே என்று பிரித்துப் பேசுவதுண்டு. ஆனால் ஷோரூமில் வண்டி வாங்கும் கணத்தில் நம் கண்முன் நிற்பது அந்த ஒற்றை எண்தான்.

இலங்கைக்கோ சொந்த எண் என்று ஒன்று கைக்கு வருவதில்லை. அங்கே ஓடும் கார்களில் பல ஜப்பானில் சிறிது காலம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தவை. வண்டியோடு ஜப்பான் எண்ணும் வந்து இறங்குகிறது. 2013 கடைசியில் வந்து, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கொழும்புத் தெருக்களை நிறைத்த ஹொண்டா வெசல் ஹைபிரிட்டுக்கு ஜப்பானில் சொன்னது லிட்டருக்கு 27. அது ஜேசி08 என்ற பழைய சோதனை: உச்ச வேகம் 82 கிலோமீட்டர்கூட இல்லை. அந்த எண்ணை நம்பி வாங்கி, கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பின்னால் ஜப்பான் உலகளாவிய டபிள்யூ.எல்.டி.சி. முறைக்கு மாறியது. ரைஸ் ஹைபிரிட்டுக்கு அதில் 28.0. புதிய முறையில் எனக்குப் பிடித்த விஷயம், நகரம், புறநகர், அதிவேகச் சாலை என்று மூன்று எண்களைத் தனித்தனியே அச்சிடுவது. வாங்குகிறவர் தன் வாழ்க்கை எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இலங்கைக்காரர்களுக்கு லிட்டரைப் பற்றி உண்மையில் பாடம் நடத்தியது சோதனைக்கூடம் அல்ல, 2022. அந்த ஆண்டின் நடுவில் பெட்ரோல் விலை மட்டும் ஏறவில்லை, பெட்ரோலே இல்லாமல் போயிற்று. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லிட்டர் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இரவும் பகலும் பெட்ரோல் ஷெட் வாசலில் வரிசை நின்றது, வரிசையிலேயே உயிரிழந்தவர்களும் உண்டு. ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. வண்டி எண்ணோடு இணைந்த கியூஆர் குறியீட்டைக் காட்டினால் காருக்கு வாரம் 20 லிட்டர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. பின்னால் அளவு கூடியது. 2023 செப்டம்பரில் முறை முடிவுக்கு வந்தது.

அந்த இருபது லிட்டர் என்ன செய்தது என்று யோசியுங்கள். நகருக்குள் பன்னிரண்டு ஓடும் பெட்ரோல் வண்டிக்கு அது வாரம் 240 கிலோமீட்டர். இருபது ஓடும் ஹைபிரிட்டுக்கு 400. இரண்டு பேருக்கும் ஒரே அட்டை. ஹைபிரிட்காரர் பிள்ளைகளை டியூஷனுக்கும் விட்டு, வார இறுதியில் கண்டியும் போய்வர முடிந்தது. மற்றவர் வியாழக்கிழமையே வண்டியை மூடிவைத்தார். கையில் காசு இருந்தும் பயனில்லை. அங்கே வண்டியின் சிக்கனம் என்பது பணப்பையைச் சேர்ந்த விஷயமாக இல்லாமல், இந்த வாரம் எங்கே போகலாம் என்ற விஷயமாக மாறிற்று. "இருபது லீற்றரும் அடியுங்கோ" என்று சொல்லி, மீட்டரைப் பார்த்து, எழுதிவைத்துக்கொண்டு கிளம்பும் பழக்கம் அப்போது பலருக்கு வந்தது. என் நண்பரின் டாஷ்போர்டுப் பெட்டியில் அந்தச் சின்ன நோட்டுப் புத்தகம் இப்போதும் இருக்கிறது: தேதி, மீட்டர், லிட்டர், கூடவே "மழை", "நுவரெலியா", "நாலு பேர்" என்று ஓரத்தில் ஒரு சொல்.

நம் பெட்ரோல் பங்கில் நடப்பதைப் பார்ப்போம். "ஜீரோ சூஸ்கோண்டி சார்" என்று பையன் சுட்டிக்காட்டுவான். நாமும் பூஜ்யத்தைக் கவனமாகப் பார்ப்போம். பிறகு சொல்வது என்ன? ஐநூறுக்குப் போடு. ஆயிரத்துக்குப் போடு. எத்தனை லிட்டர் விழுந்தது என்று பார்க்காமலே யூபிஐ ஸ்கேன் செய்து நகர்ந்துவிடுகிறோம். ஃபுல் டேங்க் போடுகிறவருக்கும் சரியான கணக்குக் கிடைப்பதில்லை. குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்தினால், அடுத்த முறையும் ஏறத்தாழ அதே மட்டத்தில் நிற்கும், இரண்டையும் ஒப்பிடலாம். ஆனால் பையன் விசையை இன்னும் இரண்டு தடவை அழுத்தி, 2,463 ரூபாயை 2,500 ஆக்கித் தருவான். சில்லறைப் பிரச்சினை காலத்துப் பழக்கம். யூபிஐ வந்த பிறகும் போகவில்லை. அந்த முப்பத்தேழு ரூபாய்ப் பெட்ரோலில் கணக்குப் பிசகிவிடுகிறது.

இரு நாட்டு டேங்கிலும் இருப்பது ஒரே பெட்ரோலும் அல்ல. இந்தியாவில் இப்போது விற்பது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். இலங்கையின் 92, 95 ஒக்டேன் பெட்ரோலில் அந்தக் கலப்பு இல்லை. எத்தனாலின் ஆற்றல், லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கணக்குப்படி இ20இல் ஆறேழு சதவீத ஆற்றல் போகும். நிதி ஆயோக் 2021 அறிக்கையும், கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த நான்கு சக்கர வண்டிகளுக்கு ஆறு முதல் ஏழு சதவீதம் என்றே சொன்னது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் இ20க்கு ஏற்ப அமைத்த வண்டிகளில் ஒன்றிரண்டு சதவீதம், மற்றவற்றில் மூன்று முதல் ஆறு என்றது. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் இதனால் நன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் லிட்டரில் ஆற்றல் குறைந்தால் விலையிலும் அது தெரிய வேண்டும். ஏழெட்டு வருடப் பழைய வண்டி வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பம் அந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் சுமக்கிறது.

வரி இரு நாட்டிலும் ஒரே வகை எஞ்சினைப் பெற்றெடுத்திருப்பது எனக்கு வியப்பு. இந்தியாவில் 2006 பட்ஜெட் முதல், நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு சிறிய காருக்குச் சலுகை தருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரம்புக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18, வெளியே போனால் 40. இலங்கையில் உற்பத்தி வரியே சிசிக்கு இத்தனை என்று கணக்கிடப்படுகிறது. ஆயிரம் சிசி அங்கே ஒரு பெரிய வேலி. ஆகவே அங்கே 996 சிசி டர்போ ரைஸ், இங்கே 998 சிசி டர்போ வென்யூ. சிறிய எஞ்சினில் டர்போ வைத்தால் மெதுவாக ஓட்டும்போது சிக்கனம், சோதனைக்கூடத்துக்கு நல்ல எண். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கண்டி வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் மிதித்தால், அல்லது ரிங் ரோட்டில் லாரியை முந்த மிதித்தால், அதே எஞ்சின் பெரிய எஞ்சினைப் போலவே குடிக்கும். வண்டியின் சக்திக்கு உரிய பெட்ரோலை எந்த வரிச் சலுகையும் குறைத்துவிடாது.

ஹைபிரிட்டில் இலங்கை நம்மைவிடப் பல வருடம் முந்திவிட்டது. நெரிசலில் நிற்கும் நேரத்தில் பெரும்பாலும் எஞ்சின் அணைந்து கிடப்பதால், பெட்ரோல் வண்டி மிகவும் விரயம் செய்யும் இடத்திலேயே ஹைபிரிட் மிச்சம் பிடிக்கிறது. பேகம்பேட் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. ஆனால் நான்கு மீட்டருக்குள் ஸ்ட்ராங் ஹைபிரிட் நமக்குக் கிடைப்பதில்லை. அதற்கு ஹைரைடர் அளவுக்குப் போக வேண்டும், விலையும் அவ்வளவு ஏறும். இங்கே அந்த இடத்தை சிஎன்ஜி பிடித்திருக்கிறது. இலங்கைக்கு அந்த வழி இல்லை. ஹைபிரிட்டின் மறுபக்கத்தையும் இலங்கைதான் முதலில் பார்த்தது. பேட்டரி கிழடாகும்போது சிக்கனமும் மெல்ல இறங்கும். 2020 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்த ஐந்தாண்டுகளில், வண்டியை மாற்ற வழியில்லாமல் பழைய பேட்டரியோடு காலம் தள்ளியவர்களைக் கேட்டால் தெரியும்.

என் முடிவு இது: சோதனைக்கூடம் நம்மிடம் இருக்கிறது, கணக்கு வைக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. பழக்கத்தை வளர்த்துக்கொள்ளச் செலவு ஒன்றும் இல்லை. ஒரே பங்கில், முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்தச் சொல்லி நிரப்புங்கள். மீட்டரை எழுதுங்கள். டேங்க் முக்கால்வாசி தீர்ந்ததும் அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை விழுந்த லிட்டரால் வகுங்கள். டாஷ்போர்டுத் திரை காட்டுவதை நம்பி நிற்காதீர்கள், பெரும்பாலும் அது கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஒரு தடவைக் கணக்கு போதாது. மூன்று நான்கு டேங்க் சேர்ந்தால்தான் உண்மை தெரியும். பிறகு டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு மறுபடி பாருங்கள். முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவை ஒவ்வொரு பங்கிலும் வைத்திருக்க வேண்டும். அளவில் சந்தேகம் வந்தால் அதில் ஊற்றிக் காட்டச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. நகரத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று, இரண்டுமே ஏசி ஓட, இ20 ஊற்றிச் சோதித்த எண்கள். அவற்றை வண்டியின் கண்ணாடியிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.