களவியலும் கணக்கெடுப்பும்

வேடனாக, வேங்கை மரமாக, தாடி வைத்த கிழவனாக மாறி மாறி வந்து, கடைசியில் யானையைக் காட்டி மிரட்டித்தான் முருகன் வள்ளியை மணந்தான். நம் பொதட்டூர்பேட்டைக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை இது. ஆடிக் கிருத்திகைக்குத் தணிகை மலையேறும் நம்மில் யாரும் இதைச் சொல்லக் கூசுவதில்லை. காம ஆராய்ச்சி என்றால் மட்டும் 'வெள்ளைக்காரன் வேலை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்த ஆராய்ச்சியில் பல பள்ளிகள் உண்டு. மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று நம்முடையது. எல்லாவற்றையும் நான் ஒரே படிக்கல்லால்தான் நிறுக்கிறேன்: யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள்?

தொல்காப்பியம் களவியல், கற்பியல் என இரண்டு இயல்களைக் காதலுக்கே ஒதுக்கியது. அதோடு நிற்காமல் மெய்ப்பாட்டியலில் உடம்பையும் பார்த்தது. நெற்றி வியர்க்கிறது, வந்த சிரிப்பை அவள் மறைக்கிறாள், கூந்தல் அவிழ்கிறது, ஒரு காதின் அணி கழன்று விழுகிறது, உடையைத் திருத்தி உடுத்துகிறாள். இவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்தி வைத்தவரின் கண் சாதாரணக் கண் அல்ல. தலைவியும் தோழியும் பேச இடம் கொடுத்ததும் அந்த மரபின் பெருமை. ஆனால் அடியவரையும் ஏவல் தொழில் செய்பவரையும் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் ஒதுக்கியதும் அதே நூல்தான். கூலிக்குத் தறி ஓட்டுகிறவனின் காதல் எந்தத் திணை? நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போக முடியாது.

இறையனார் களவியல் என்ற அகப்பொருள் நூலின் 60 நூற்பாக்களுக்குப் பலர் உரை சொல்ல, ஊமைப் பிள்ளையான உருத்திரசன்மன் நக்கீரர் உரைக்குக் கண்ணீர் விட்டானாம். அதுவே மெய்யுரை என்று தீர்ந்ததாம். கதைதான். ஆனாலும் காதலுக்கு எழுதிய உரையைப் பேசத் தெரியாதவனின் கண்ணீரைக் கொண்டு அளந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

வடமொழிப் பள்ளியின் காமசூத்திரத்தைப் படம் பார்க்கும் புத்தகம் என்று நினைப்பவர்கள் அதைப் படிக்காதவர்கள். 7 பகுதிகள், 36 அத்தியாயங்கள் கொண்ட அந்நூலில் வாத்ஸ்யாயனர் தமக்கு முந்தியவர்களோடு வாதம் செய்கிறார். பெண் அடையும் இன்பம் எத்தகையது என்பது அவற்றில் ஒரு வாதம். ஆணுக்கு உள்ளது போன்ற இன்பம் அவளுக்கு இல்லை என்கிறார் ஔத்தாலகி. தொடக்கம் முதலே அவளுக்கு இன்பம் உண்டு என்கிறது பாப்ரவ்யர் பள்ளி. ஆணும் பெண்ணும் ஒரே இனம், ஆகவே இன்பமும் ஒன்றே என்று தீர்ப்புச் சொல்கிறார் வாத்ஸ்யாயனர். உன் இன்பம் எப்படிப்பட்டது என்று அவளிடம் கேட்டறிய முடியாதே என்ற பேச்சும் அங்கே வருகிறது. ஏன் முடியாது? பாடலிபுத்திரத்துக் கணிகையர் கேட்டுக்கொண்டதால் தத்தகர் தனிநூல் செய்தார் என்று அதே நூல்தான் சொல்கிறது. வாயுள்ள பெண்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

ஐரோப்பியர் கதை வேறு. 1730இல் குறளை லத்தீனுக்குக் கொண்டுபோன வீரமாமுனிவர் காமத்துப்பாலைத் தொடவில்லை. 1886இல் ஜி.யு.போப் அதையும் சேர்த்து ஆங்கிலத்தில் தந்தார். அதே 1886இல்தான் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் காமத்தை நோய்க்குறிப்பாக எழுதிய பெரிய நூலை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்தவர்கள் நோயாளிகளும் குற்றவாளிகளும், முடிவும் அப்படியே. பிராய்டு குழந்தைப் பருவம் வரை தோண்டினார். அவரோடு கடிதத்தில் வாதாடிய கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கினார்.

குளவிகளைச் சேகரித்து ஆராய்ந்த அமெரிக்கர் கின்சி மனிதர்களிடம் திரும்பியபோதுதான் ஆளாளாக உட்காரவைத்துக் கேட்பது பெரிய அளவில் நடந்தது. 1948இல் ஆண்களைப் பற்றியும் 1953இல் பெண்களைப் பற்றியும் அவர் நூல்கள் வந்தன. குறை இல்லாமல் இல்லை: தாமாக முன்வந்தவர்களும் சிறைக்கைதிகளும் அதிகம், கணக்கில் வந்தவர்கள் வெள்ளையர். அவருக்குப் பின் வந்த அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆய்வகத்தில் கவனித்து, 1966இல் இருபாலருக்கும் பொதுவாக இன்பத்தின் நான்கு கட்டங்களைச் சொன்னார்கள். இதைப் பார்த்திருந்தால் வாத்ஸ்யாயனர் மீசையை முறுக்கியிருப்பார்.

நமக்கு அருகில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா, காவல் இல்லத்தில் இருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தது. நாட்டையே உஷார்படுத்திய வேலை. அந்தப் பெண்களிடமிருந்து ரத்தம் வந்து சேர்ந்தது. அவர்கள் சொல்லக்கூடிய கதை வரவில்லை.

விந்து போனால் உடம்பே போயிற்று என்று நடுங்கும் இளைஞர்களின் கோளாறுக்கு 1960இல் மனநல மருத்துவர் என்.என்.விக் 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். பயம்தான் நோய். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் லேகிய நோட்டீஸ் ஒட்டும் லாட்ஜ் வைத்தியர்களுக்கு இன்றும் அந்தப் பயம்தான் முதல். அவர்களுக்கு எதிர்க்கடை போட்டது மருத்துவக் கல்லூரிகளைவிட டி.வி. என்றே சொல்வேன். விஜய் டி.வி.யின் 'புதிரா புனிதமா'வில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் சிரித்த முகத்தோடு பதில் சொன்னபோது, தமிழ் வீடுகளில் பாதிப் பேர் ரிமோட்டைத் தேடினார்கள். மீதிப் பேர் அதை ஒளித்துவைத்துவிட்டுப் பார்த்தார்கள்.